ஆறு சக்கர டைரல், என் பட்டறை மேசையில்

பெட்டியைத் திறந்ததும் முதலில் முன் அச்சுப் பாகங்களைத்தான் தேடி எடுத்தேன். சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் 23 ஆண்டுகளாக லாரிகளுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். கண் அங்கேதான் போகும்.

நான் வாங்கியது டைரல் பி34 என்னும் 1976ஆம் ஆண்டு கிராண்ட் பிரீ, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் மாடல் கிட். அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. கூட்டி முடித்தால் பள்ளிக்கூட அடிக்கோலைவிடச் சற்று நீளம். வெளிநாட்டுத் தயாரிப்பு, தபால் செலவோடு 14,000 ரூபாயைத் தாண்டியது. இதை எனக்கு அறிமுகப்படுத்தியவன் அக்கா மகன். 12 சக்கர லாரி ஒன்று ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக முன் டயர் தேய்ந்து வந்து நின்றபோது, செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, ரேஸ் காரிலேயே முன்னால் நான்கு சக்கரம் வைத்துத் திருப்பியிருக்கிறார்கள், பாருங்கள்" என்றான். அன்றிலிருந்து இந்தக் கார் மனதை விட்டுப் போகவில்லை.

12 சக்கர லாரியில் முன்னால் இரண்டு அச்சு. இரண்டும் திரும்பும். ஆனால் இரண்டாவது அச்சு முதலாவதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்ப வேண்டும். இணைக்கும் ராடு அளவு ஒரு நூல் பிசகினாலும் டயர் உருளாமல் உரசும். மாதத்துக்குள் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்துவிடும். லாரிக்கே இந்தப் பாடு என்றால் ரேஸ் காரில் இதை ஏன் செய்தார்கள்?

வடிவமைத்தவர் டெரெக் கார்ட்னர். ஜாக்கி ஸ்டூவர்ட் 1971லும் 1973லும் உலகப் பட்டம் வென்ற டைரல் கார்களும் அவர் கைவண்ணமே. அணியின் சொந்தக்காரர் கென் டைரல் மர வியாபாரி. இங்கிலாந்தில் ஒரு மரக் கிடங்குதான் அவர்களுடைய பட்டறை. இதைப் படித்ததும் அந்த அணியின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே எஞ்சின் போலத்தான்: காஸ்வர்த் நிறுவனத்தின் மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். ஃபெராரி போன்ற சிலர் மட்டும் விலக்கு. எஞ்சினில் மிஞ்ச முடியாத கார்ட்னர் காற்றில் மிஞ்சப் பார்த்தார். முன் மூக்கு ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கலாம் என்பது விதி. சாதாரண முன் டயர்கள் அந்த மூக்குக்கு மேலே எழும்பி நின்று காற்றைக் கிழிக்கும். காரின் முன்பக்கத்தைத் தூக்கவும் பார்க்கும். மூக்கின் மறைவுக்குள் அடங்கும் அளவுக்கு டயரைச் சின்னதாக்கினால்? சின்ன டயர் இரண்டுக்குப் பிடிப்பு போதாது. அதனால் நான்கு. கூடவே நான்கு முன் பிரேக்கும் கிடைத்தன. ரிம் பத்து அங்குலம். பழைய சேட்டக் ஸ்கூட்டரின் ரிம் அளவு அது. நம் லாரி ரிம்மில் சரிபாதி.

கிட் இந்த இடத்தில்தான் கொடுத்த காசுக்கு மேல் தருகிறது. நான்கு முன் சக்கரங்களுக்கும் சக்கரத்தைத் தாங்கும் கவை வடிவ விஷ்போன் தனித்தனி, பிரேக் டிஸ்க்கும் தனித்தனி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதல் ஜோடி திரும்ப, இரண்டாவது ஜோடியும் கூடவே வருகிறது. சஸ்பென்ஷன் விரலால் அழுத்தினால் அமுங்கி எழுகிறது. ஓட்டுநர் தன் சக்கரங்களைப் பார்க்கவென்று காக்பிட் பக்கவாட்டில் அசல் காரில் சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள், அதையும் விடவில்லை. பின்பக்கம் எஞ்சின் குழாய்கள் ஒவ்வொன்றும் தனிப் பாகம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஒரு நிமிடம்கூட வீணானதாகத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. ரப்பர் டயர்களின் நடுவே அச்சு வார்த்த கோடு துருத்திக்கொண்டிருக்கிறது; மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுக்க வேண்டும். ஒட்டும் சின்னங்கள் நீரில் நனைத்ததும் எளிதில் கிழிகின்றன. விளக்கக் குறிப்பில் 14ஆம் கட்டப் படம் குழப்புகிறது. நீல வண்ணத்தை நாமே அடிக்க வேண்டும். கார் பெயின்ட் தின்னரைத் தொடவே தொடாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்; எனக்குக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு அப்படித்தான் போயிற்று. சேலத்துச் சித்திரை வெயிலில் பகலில் பெயின்ட் அடித்தால் கைக்கு முன்னே காய்ந்து சொரசொரப்பாகிவிடுகிறது. விடியற்காலையில் அடித்தேன், பளபளவென்று வந்தது.

இனி கார் ஓடிய கதை. 1976 மே மாதம் ஸ்பெயினில் முதல் பந்தயம்; அணியின் ஓட்டுநர் பத்ரிக் டெபயே மூன்றாவது இடத்திலிருந்து புறப்பட்டார். ஜூன் 13 அன்று சுவீடனின் ஆண்டர்ஸ்டோர்ப்பில் அணியின் இன்னொரு ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் முதலிடம், டெபயே இரண்டாமிடம். ஆறு சக்கரக் கார் ஒன்று கிராண்ட் பிரீ வென்றது அந்த ஒரே முறைதான். ஆண்டு முடிவில் ஷெக்டர் மூன்றாவது, டெபயே நான்காவது. புதுமுகக் காருக்கு இது பெரிய சாதனை.

1977இல் ஒரு வெற்றிகூட இல்லை. ஷெக்டர் போய் ரோனி பீட்டர்சன் வந்தார். கார் எடை கூடியது. பெரிய டயர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் மேம்பட்டுக்கொண்டே போக, ஒரே ஓர் அணிக்காகச் செய்யப்பட்ட பத்து அங்குல டயர் பின்தங்கிவிட்டது. பின்னால் பிடிப்பு, முன்னால் வழுக்கல். சரிசெய்ய முன் சக்கரங்களை அகலமாகத் தள்ளினார்கள். அவை மூக்கின் மறைவைவிட்டு வெளியே வந்தன. எதற்காகச் சின்ன டயர் போட்டார்களோ அந்தக் காரணமே கைநழுவியது. அடுத்த ஆண்டு டைரல் நான்கு சக்கரத்துக்குத் திரும்பியது. பிற்பாடு நான்குக்கு மேல் சக்கரமே கூடாது என்று விதியும் வந்துவிட்டது.

இந்தக் காரைக் கிறுக்குத்தனம் என்று பேசுபவர்களிடம் நான் விடாமல் சண்டை போடுவேன். பல ஆண்டுகள் கழித்து ஏவான் நிறுவனம் இதே பத்து அங்குலத்தில் புதிய டயர் செய்துகொடுத்தது. மார்ட்டின் ஸ்ட்ரெட்டன் அந்தப் பழைய காரை ஓட்டி, 2000இல் பழைய ஃபார்முலா ஒன் கார்களுக்கான தொடரையே வென்றார். அச்சில் பிழை இல்லை. டயர்தான் கிடைக்கவில்லை. என் பட்டறைக்கு வரும் பத்து வண்டியில் ஆறு வண்டியின் கதையும் இதுவேதான். அலைன்மென்ட் சரியாக இருக்கும், நான்கு டயரும் நான்கு விதமாக இருக்கும்.

இதே காரின் 1977 வடிவமும் வெள்ளை நீலத்தில் கிட்டாகக் கிடைக்கிறது. 1976ஐயே வாங்குங்கள், கார்ட்னர் நினைத்தது அதில்தான் முழுதாகத் தெரியும். முதல் முறை மாடல் செய்பவர் இதில் தொடங்க வேண்டாம். சின்னதாக ஒன்றைச் செய்து கை பழகிய பிறகு வாருங்கள்.

இப்போது கார் பில் போடும் மேசைமேல் இருக்கிறது. போன வாரம் ஏற்காட்டுக்குச் சிமென்ட் ஏற்றிப் போய், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த சங்ககிரி ஓட்டுநர் ஒருவர் விரலால் அதன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வெளியே போய், தன் லாரிக்கு அடியில் குனிந்து, இரண்டு முன் அச்சுக்கும் நடுவே போகும் ராடைத் தொட்டுப் பார்த்தார்.