வெறகு பாய்லர் சிம்னிக்கு சிர்கோனியாவா, கெமிக்கல் செல்லா?

திருப்பூர் பக்கம் வெறகு பாய்லர் வச்சிருக்கற டையிங்காரங்க இப்ப அடிக்கடி இதத்தான் கேக்கறாங்க, வெறகு எரியறதுக்கு காத்து கூடுதலா கொறச்சலான்னு தெரிய சிம்னிப் பொகைல ஆக்சிஜன் பாக்கறதுக்கு சிர்கோனியா புரோப் (சிம்னிலயே நெரந்தரமா சொருகி வைக்கற சென்சார்) மாட்டிறலாமா இல்ல கையில எடுத்துட்டுப் போற அனலைசரே போதுமான்னு. நான் ரெண்டையும் சர்வீஸ் பண்றவன், அதனால ரெண்டு மேலயும் கோவம் உண்டு.

சிர்கோனியாங்கறது பீங்கான் மாதிரிதானுங்க, இட்ரியாங்கற இன்னொரு ஆக்சைடு கொஞ்சம் கலந்து சுட்டது. 600 டிகிரிக்கு மேல சூடு ஏத்துனா அதுக்குள்ள ஆக்சிஜன் அயனி நகர ஆரம்பிச்சுரும், பேட்டரில திரவம் பண்ற வேலைய இங்க கெட்டியான பொருளே பண்ணுது. ஒரு பக்கம் வெளிக்காத்து, இன்னொரு பக்கம் பொகை, ரெண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. 700 டிகிரில வச்சா, பொகைல ஆக்சிஜன் வெளிக்காத்துல இருக்கறதுல பத்துல ஒரு பங்கா எறங்குனா சுமார் 48 மில்லிவோல்ட் வரும், ரெண்டு பக்கமும் காத்தே இருந்தா ஜீரோ. எல்லாம் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக் கணக்கு, ரெண்டு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்த வோல்ட்டா மாத்திச் சொல்றது. சூடு மாறுனா கணக்கும் மாறும், அதான் உள்ளயே ஹீட்டர்.

கையில புடிக்கற மெஷின்கள்ல நெறையா கெமிக்கல் செல்தான் இருக்கும். உள்ள காரீயம், ஆக்சிஜன் பட்டா அது தேஞ்சு தேஞ்சு கரண்ட் குடுக்கும். ஆப் பண்ணி பீரோல வச்சாலும் காத்து படுதுல்ல, தேஞ்சுக்கிட்டேதான் கெடக்கும், ரெண்டு வருசம் வந்தா பெருசு. ஆனா ஹீட்டர் வேண்டாம், ஆன் பண்ணுன கையோட வேலை நடக்கும்.

சண்டை வர்றது வேற எடத்துல. ஒரு பட்டறைல புரோப் 6 சதம் ஆக்சிஜன் காட்டுது, அதே ஓட்டைப் பக்கத்துல நான் கைமெஷின விட்டா 7.1. மொதலாளி என்னப் பாத்து, "ஏன் தம்பி, ரெண்டுல எது பொய் சொல்லுது?"ங்கறார். ரெண்டும் பொய் இல்லீங்க. புரோப் ஈரத்தோட இருக்கற பொகைய அப்படியே அளக்குது, கைமெஷின் தண்ணிய வடிச்சுட்டு அளக்குது. ஈர வெறகுன்னா பொகைல 15 சதம் வரைக்கும் நீராவி இருக்கும், 6ஐ 0.85ஆல வகுத்துப் பாருங்க, 7.1 வந்துரும். இது தெரியாம நல்ல புரோப்பக் கழட்டி வீசுனவங்க இருக்காங்க.

சிர்கோனியால இன்னொரு வில்லங்கம், கார்பன் மோனாக்சைடு வந்தா சூடான பிளாட்டினத்து மேலயே அது எரிஞ்சு ஆக்சிஜனத் தின்னுரும். 1 சதம் அது இருந்தா ரீடிங்ல அரை சதம் கொறையும். கைமெஷின்ல கார்பன் மோனாக்சைடுக்குன்னு தனி செல் போட்டிருந்தா அங்க கைமெஷின் ஜெயிக்குது. தீபாவளி லீவுல கரண்ட் மிச்சம்னு புரோப் ஹீட்டர ஆப் பண்ணிட்டுப் போயிட்டு, வந்து ஆன் பண்ணா உள்ள கோத்திருந்த தண்ணி சூடேறி பீங்கான் வெடிச்சுப்போன கதையும் எங்கிட்ட உண்டு.

பாராமேக்னெடிக்னு ஒன்னு இருக்கு, ஆக்சிஜன் காந்தத்துப் பக்கம் இழுபடறத வச்சு அளக்கற மெஷின், நல்ல துல்லியம், ஆனா வெறகுப் பொகைய சுத்தம் பண்ணி காய வச்சுக் குடுக்கோணும், நமக்கு அது தாங்காது. அப்பறம் பிஎஸ் 6 பைக் சென்சாரக் கழட்டி சிம்னில சொருகலாமான்னு ஒரு கோயமுத்தூர்த் தம்பி கேட்டார். அதுவும் சிர்கோனியாதான், ஆனா பெட்ரோல் முழுசா எரிய வேணுங்கற அளவுக்குச் சரியா காத்து இருக்கற எடத்துல தடால்னு மாறத்தான் அத வடிவமைச்சிருக்காங்க, 6 சதத்துல வர்ற இருவத்தஞ்சு சொச்சம் மில்லிவோல்ட்ட வச்சு என்னத்தப் பண்ண.

என்னக் கேட்டா தெனமும் ஓடற பாய்லருக்கு புரோப்தான், மாசம் ஒருக்கா கைமெஷின்ல சரிபாத்துக்கலாம். புரோப் இருந்தா பயர்மேனுக்கு கண்ணு முன்னாடி நம்பர் ஓடும். மேல சொன்ன பட்டறைல பயர்மேன் அண்ணன் கதவத் தொறந்ததும் 14க்கு ஏறி, ஒரே மூச்சா வெறகத் தள்ளி மூடுனதும் 3க்கு எறங்கி கரும்பொகை வர்றத ரெண்டு நாள் பாத்துட்டு, மூணாம் நாள்ல இருந்து பாதி பாதியாப் போட ஆரம்பிச்சுட்டார், யாரும் அவர்கிட்ட சொல்லலீங்க.