கார் ஏசியில் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் உஷாராக இருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதுவும் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஐந்து மாதம் அலைந்ததோடு, நன்றாக இருந்த ஒரு கம்ப்ரஸரையும் (ஏசி கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்) பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

என் வண்டிக்குப் பதினாறு வயது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. அம்மாவை வாரத்துக்கு இரண்டு நாள் சிகிச்சைக்கு அழைத்துப் போவது இதில்தான். வெயில் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் ஏசி இல்லாமல் எங்களுக்கு வண்டியே இல்லாத மாதிரி.

ஒரு நாள் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "கேஸ் தீர்ந்துபோச்சு சார். பழைய வண்டி இல்லையா, அப்பப்போ போட்டுத்தான் ஆகணும்" என்றார். கேன் ஒன்றை எடுத்து ஹோஸை மாட்டினார். கால் மணி நேரத்தில் ஜில்லென்று காற்று. நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து வாரம் தாங்கியது. மறுபடி போனேன், மறுபடி அதே கேன். இந்த முறை மூன்று வாரம்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரஸர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ், கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் அது குளிர்ச்சியில் தெரியவே வருஷக்கணக்கில் ஆகும். வாரக்கணக்கில் காலியாகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போடுகிறவர், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று தெரிந்தே போடுகிறார்.

மூன்றாவது முறை போனபோதுதான் பெரிய அடி. ஏசி பட்டனைத் தட்டினால் கம்ப்ரஸர் முன்பக்கத்தில் அதை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. "கம்ப்ரஸர் செத்துப்போச்சு சார், புதுசு போட்டால்தான் ஆகும்" என்றார். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். சரி, போடுங்கள் என்றேன். பழைய கம்ப்ரஸரைக் கேட்டதற்கு, "அதைக் கொடுத்தால்தான் சார் புதுசு தருவாங்க" என்று சொல்லிவிட்டார். புதுசு என்று போட்ட கம்ப்ரஸர் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தது. அந்தப் பளபளப்பை நம்பினேன்.

இருபது நாள். அதே வெறும் காற்று, அதே மாதிரி கிளட்ச் ஒட்டவில்லை.

இதற்குப் பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேனைத் தொடவே இல்லை. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். "இங்க பாருங்க தம்பி" என்று காட்டினார். குழாய்க்குள் திரவமாகக் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருந்தாலே 30 டிகிரி வெப்பத்தில் 134ஏ (என் வண்டியில் இருக்கும் ஏசி கேஸின் பெயர்) ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். என் வண்டியில் முள் 20-ஐக்கூடத் தொடவில்லை. அழுத்தம் இவ்வளவு குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். கேஸோடு சுற்றும் ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரஸர் இறுகிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. "கம்ப்ரஸர் ஓடலைன்னா கம்ப்ரஸர் போச்சுன்னு அர்த்தம் இல்லை தம்பி. ஓட விடாம தடுக்குது, அவ்வளவுதான்."

எனக்கு வயிறு எரிந்தது. என் பழைய கம்ப்ரஸர் ஒரு சத்தம் போட்டதில்லை. கேஸ் இருந்தவரை நன்றாகக் குளிர வைத்தது. அதைத்தான் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டை இருந்த இடத்தைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். கண்டென்சரில் வந்து சேரும் அலுமினியக் குழாயின் மூட்டு. மற்ற குழாய்களில் காய்ந்த தூசி. அந்த மூட்டைச் சுற்றி மட்டும் தூசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. கேஸ் கசியும்போது ஆயிலையும் இழுத்துக்கொண்டு வரும், அதனால் வரும் கறை. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையைத் தடவினார், குமிழி குமிழியாகப் பொங்கியது. கழற்றினால் உள்ளே ஓ ரிங் சப்பையாகி, கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. மொத்த ஏசியிலேயே மலிவான பொருள் அந்த ரப்பர் வளையம். முதல் நாளே கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஓ ரிங்கை மாற்றினார். குழாயைத் திறந்தால் ஈரம் புகும் என்று, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். வேக்கும் பம்பை மாட்டி முக்கால் மணி நேரம் ஓட விட்டார். வெற்றிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்திவிட்டு முள் ஏறுகிறதா (ஏறினால் இன்னும் எங்கேயோ கசிவு) என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று படித்து, தராசில் எடை பார்த்துத்தான் கேஸ் ஏற்றினார். அதிகமாகப் போட்டாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. முதல் கடையில் வேக்கும் பம்பும் இல்லை, தராசும் இல்லை. கால் மணி நேரத்தில் முடிந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

90-களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அவற்றில் ஆர்12 கேஸ் இருந்திருக்கும். ஓசோனைக் காக்க 1987-ல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக நின்று, புது வண்டிகளுக்கு 134ஏ வந்தது. பழைய ஆர்12 வண்டியில் இருக்கும் மினரல் ஆயில் 134ஏ-வோடு கலக்காது. ஆயிலை மாற்றாமல் கேஸை மட்டும் மாற்றினால் கம்ப்ரஸர் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடும். லேபிள் இல்லாத கேனையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எரியக்கூடிய கேஸ் கலவைகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைத்துவிடலாம்.

கம்ப்ரஸரைப் பற்றி ஒன்று பாக்கி. பெரியவர் அதன் போல்ட் துளைக்குள் விரலை விட்டுக் காட்டினார். துளைக்குள்ளேயும் பெயிண்ட். வெளியே வரும் ஒயரின் உறை வெடித்துப்போயிருந்தது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றி, பெயிண்ட் அடித்துப் புதுசு என்று மாட்டியிருக்கிறார்கள். என் பழைய கம்ப்ரஸரைக் கேட்டு அந்தக் கடைக்கு இரண்டு முறை போய்விட்டேன். "அது போயிடுச்சு சார்" என்பதுதான் பதில்.

இப்போது ஏசி குளிர்கிறது, வென்டில் தெர்மாமீட்டர் வைத்தால் 7 டிகிரி. ஆனால் கிளட்ச் ஒட்டும்போதெல்லாம் உள்ளே மெல்லிதாக ஒரு உறுமல் கேட்கிறது. பேரிங் தேய்ந்திருக்கிறது, உள்ளே நொறுங்கினால் இரும்புத் தூள் கண்டென்சர் வரைக்கும் போய்விடும், அதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்கிறார் பெரியவர். அடுத்த மாதம் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கழற்றுகிற கம்ப்ரஸரை வண்டியிலேயே வைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டேன்.