டெஸ்டிங்கில் எதை நம்பலாம்: நேரப்பட்டியலா, லாங் ரன்னா, சுற்றுக் கணக்கா?

2025 பிப்ரவரி இறுதியில் பஹ்ரைனில் மூன்று நாள் ஃபார்முலா 1 டெஸ்டிங் (சீசனுக்கு முன் அணிகள் நடத்தும் சோதனை ஓட்டம்) முடிந்தபோது, நேரப்பட்டியலின் உச்சியில் இருந்தது வில்லியம்ஸ். கார்லோஸ் சைன்ஸ், 1:29.348. அவருக்கு 0.031 விநாடி பின்னால் ஃபெராரியில் ஹாமில்டன். ஏப்ரலில் அதே பாதையில் கிராண்ட் பிரி வந்தது. தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்த மெக்லாரனின் பியாஸ்ட்ரிக்கு ஆன நேரம் 1:29.841. டெஸ்டிங்கில் சைன்ஸ் ஓட்டியதைவிட அரை விநாடி மெதுவாக ஓட்டியே அவருக்கு போல் பொசிஷன் கிடைத்துவிட்டது. சைன்ஸ் அன்று எட்டாவது.

பிப்ரவரியில் பஹ்ரைன் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது. நடுவே மழைகூடத் தூறியது. குளிர்ந்த பாதையில் ஒரே ஒரு சுற்றுக்கு டயர் சூடேறிக் கெடாமல் தாங்கும். ஏப்ரலில் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் டெஸ்டிங் சமயத்தில் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள். நேரப்பட்டியலைப் பார்ப்பவர்கள், லாங் ரன்னை, அதாவது பல சுற்று தொடர்ந்து ஓட்டும் நீண்ட ஓட்டத்தைப் பார்ப்பவர்கள், மொத்தம் எத்தனை சுற்று ஓடினார்கள் என்று எண்ணுபவர்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். என் ஓட்டு லாங் ரன்னுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் குப்பையில் போட முடியாது.

முதலில் நேரப்பட்டியல். அதன் பெரிய கோளாறு எரிபொருள். 2025 வரை பந்தயத்தில் ஒரு கார் அதிகபட்சம் 110 கிலோ எரிபொருள் பயன்படுத்தலாம் என்று விதி இருந்தது. பத்து கிலோ கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி போகும் என்பது பொதுவான கணக்கு. நாற்பது கிலோ வித்தியாசம் என்றால் ஒரு விநாடிக்கு மேல். 2025இல் முதல் காருக்கும் கடைசிக் காருக்கும் தகுதிச்சுற்றில் இருந்த இடைவெளியே பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை விநாடிதான். டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பட்டியலைப் படித்தால் மொத்த வரிசையையே தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. டயர் விஷயம் பரவாயில்லை. எந்த வகை போட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம், கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். இன்ஜினை எவ்வளவு முறுக்கி விட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எரிபொருளைப் போலவே மறைவு.

இன்னொன்றும் உண்டு. டெஸ்டிங்கில் கார் விதிமுறை சொல்லும் குறைந்தபட்ச எடையாவது இருக்கிறதா என்று பந்தயத்தில் பார்ப்பதுபோல யாரும் பார்ப்பதில்லை. 2001 சீசனுக்கு முன்னால் ப்ரோஸ்ட் அணி குளிர்கால டெஸ்டிங்கில் அடிக்கடி மேலே வந்தது. பணமில்லாத அணி, ஸ்பான்சர் பிடிக்க எடை குறைத்து ஓட்டுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. சீசன் முழுவதும் கிடைத்தது 4 புள்ளி. 2002 ஜனவரியில் அணியே மூடப்பட்டது.

இந்தக் கதை தெரிந்தவர்கள்தான் 2009 மார்ச்சில் பிரான் அணியைப் பார்த்துச் சிரித்தார்கள். 2008 டிசம்பரில் ஹோண்டா விலகியது. ராஸ் பிரான் அணியை வாங்கிய செய்தி மார்ச் முதல் வாரம்தான் வெளியானது. அடுத்த சில நாட்களில் ஸ்பான்சரே இல்லாத வெள்ளைக் கார் பார்சிலோனாவில் இறங்கி மற்றவர்களைத் திணறடித்தது. காலி டேங்க், ஸ்பான்சர் வேட்டை என்றே பலரும் நினைத்தார்கள். பிறகு முதல் பந்தயமான மெல்போர்னில் அந்த அணியின் ஜென்சன் பட்டன் முதலிடம், பாரிகெல்லோ இரண்டாமிடம். முதல் ஏழு பந்தயங்களில் ஆறு பட்டனுக்கு. கடைசியில் ஓட்டுநர், அணி என இரண்டு சாம்பியன் பட்டங்களும்.

இரண்டு அணிக்கும் பட்டியலில் ஒரே மாதிரி எண்தான். பிறகு வித்தியாசத்தை எங்கே தேடியிருக்க வேண்டும்? வேகத்துக்குக் காரணம் இருக்கிறதா என்பதில். ஹோண்டா 2008 காரைச் சீக்கிரமே கைவிட்டு, 2009 புதிய விதிகளுக்கான காரில் பணத்தைக் கொட்டியிருந்தது. அதில் இரட்டை டிஃப்யூசர் (காருக்கு அடியில் போகும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் பின்பகுதி) இருந்தது, பின்னால் மெர்சிடஸ் இன்ஜின் ஏறியது. ப்ரோஸ்ட்டிடம் இப்படிச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

சரி, லாங் ரன்னுக்கு வருவோம். இதில் என்ன அப்படி உசத்தி என்றால், எரிபொருளை மறைக்க முடியாத ஒரே இடம் இதுதான். 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை. ஆகவே ஒரு அணி பஹ்ரைன் பந்தயத்தின் 57 சுற்றையும், டயர் மாற்ற மட்டும் பிட்டுக்குள் வந்து, கராஜுக்குள் காரைத் தள்ளாமல் ஓட்டினால், முழு டேங்கோடுதான் கிளம்பியிருக்க வேண்டும். வேறு வழியில்லை. மறைக்க மிஞ்சுவது இன்ஜின் மட்டும்தான்.

அதில் எதைப் பார்ப்பது? ஒரு சுற்றின் நேரத்தை அல்ல, சுற்றுக்குச் சுற்று நேரம் எப்படிப் போகிறது என்பதை. எரிபொருள் கரையக் கரைய கார் சுற்றுக்கு அரைக்கால் விநாடிக்கும் குறைவாக, மெதுவாக மெதுவாக வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். டயர் தேய்மானம் அதை எதிர்த்திசையில் இழுக்கிறது. பதினைந்து சுற்றுக்குப் பிறகும் நேரம் ஏறாமல் நேர்கோட்டில் நிற்கிற கார், டயரைத் தின்னாத கார். ஐந்தாவது சுற்றிலேயே ஏறத் தொடங்கினால் பந்தயத்தன்று அந்த ஓட்டுநர் பாவம்.

2023இல் ஆஸ்டன் மார்ட்டினை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். முந்தைய வருடம் ஏழாவது வந்த அணி. டெஸ்டிங்கில் அலோன்சோவின் நீண்ட ஓட்டங்களைப் பார்த்தவர்கள் இது வேறு கார் என்றார்கள், பலர் நம்பவில்லை. முதல் பந்தயத்திலேயே ஹாமில்டனையும் சைன்ஸையும் பாதையில் முந்தி மூன்றாவது வந்தார். அந்த வருடம் எட்டு முறை மேடையேறினார். 2025இலும் அதே கதை. சைன்ஸ் தலைப்புச் செய்தியில் இருந்தபோது, நோரிஸின் லாங் ரன்னைக் கணக்குப் போட்டவர்கள் மெக்லாரன் பக்கம் கை காட்டினார்கள். மெல்போர்னை வென்றதும் நோரிஸ், வருடக் கடைசியில் சாம்பியனும் அவரே. 2024இல் பட்டியலில் மேலே ஃபெராரி இருந்தது, முதல் பந்தயத்தில் முதல் இரண்டு இடமும் ரெட் புல்லுக்குப் போனது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

லாங் ரன்னிலும் ஒரு பொறி இருக்கிறது. பகல் ஓட்டத்தை மாலை ஓட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. பஹ்ரைனில் மதியம் பாதை கொதிக்கும், சூரியன் இறங்கினால் எல்லாம் மாறும். பந்தயமோ இரவில். எனவே ஒரே நாள், ஒரே மணி, ஒரே டயர்: இந்த மூன்றும் பொருந்தினால் மட்டுமே இரண்டு அணிகளைத் தராசில் வைக்கலாம்.

அப்புறம் 2019. லாங் ரன் கட்சிக்கும் நேரப்பட்டியல் கட்சிக்கும் சேர்ந்தே அடி விழுந்த வருடம் அது. பார்சிலோனாவில் எட்டு நாள் டெஸ்டிங். கடைசி நாளில் வெட்டலின் ஃபெராரி 1:16.221, அப்போது மெர்சிடஸில் இருந்த ஹாமில்டன் 1:16.224. விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம்தான் என்றாலும், எல்லோரும் ஃபெராரியையே முன்னால் வைத்தார்கள். ஃபெராரி அரை விநாடி வேகமாக இருக்கலாம் என்று ஹாமில்டனே சொன்னார். மெல்போர்னில் என்ன நடந்தது? மெர்சிடஸின் போட்டாஸ் சுமார் 21 விநாடி வித்தியாசத்தில் வெற்றி, ஹாமில்டன் இரண்டாவது. வெட்டல் நான்காவது, ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவாகப் பின்தங்கி.

மே மாதம் எல்லோரும் அதே பார்சிலோனாவுக்குத் திரும்பினார்கள். தகுதிச்சுற்றில் வெட்டலின் நேரம் 1:16.272. டெஸ்டிங்கில் ஓட்டியதைவிட 0.05 விநாடி மெதுவு! போட்டாஸோ 1:15.406. வெயில், காற்று எல்லாம் கழித்துப் பார்த்தாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது: ஃபெராரி மார்ச்சிலேயே தன்னிடம் இருந்ததைக் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டிவிட்டது, மெர்சிடஸ் காட்டவில்லை. இரண்டாவது வாரம்தான் மெர்சிடஸ் கிட்டத்தட்டப் புதிய காரையே கொண்டுவந்து இறக்கியிருந்தது; அதைப் புரிந்துகொள்ளவே அவர்களுக்கு நாள் போதவில்லை. அதற்காக ஃபெராரி வெறும் மாயை என்றும் சொல்ல முடியாது. மெல்போர்னுக்கு அடுத்து பஹ்ரைனில் லெக்ளேர் போல் எடுத்து, இன்ஜின் கோளாறு வரும்வரை முன்னணியில் ஓடினார். நேர்ச்சாலைகளில் பறந்த கார், மெதுவான வளைவுகளில் திணறியது. ஒரே பாதையில் எட்டு நாள் ஓட்டினால் அந்தப் பாதைக்கான விடைதான் கிடைக்கும்.

மூன்றாவது, சுற்றுக் கணக்கு. சாதாரண வருடங்களில் இதற்கு மதிப்பு குறைவு. இப்போது பெரும்பாலும் எல்லோரும் நூற்றுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். விதிகள் தலைகீழாக மாறும் வருடத்தில் மட்டும் இது தங்கம். 2014இல் டர்போ ஹைப்ரிட் இன்ஜின்கள் வந்தன. ஹெரெஸில் நான்கு நாளில் மெர்சிடஸ் 309 சுற்று, நான்கு முறை தொடர் சாம்பியனான ரெட் புல் 21 சுற்று. மெர்சிடஸ் 19 பந்தயங்களில் 16 வென்றது, மீதி மூன்றும் ரெட் புல்லுக்கு. யார் முன்னால் என்பதைக் கணக்கு சரியாகச் சொன்னது, ரெட் புல்லின் சிக்கலை மட்டும் ஊதிப் பெரிதாக்கியது: அதே ரெட் புல்லில் ரிக்கியார்டோ மெல்போர்னில் இரண்டாவதாகவே வந்தார். இன்ஜினுக்குள் எரிபொருள் பாயும் வேகத்துக்கான விதியால் பிறகு தகுதி நீக்கம் செய்யப்பட்டார், அது வேறு கதை. மாறாக, 2015இல் அதே ஹெரெஸில் நான்கு நாளில் 79 சுற்றே ஓட்டிய மெக்லாரன்-ஹோண்டா, சீசனையும் ஒன்பதாவதாகத்தான் முடித்தது.

பூஜ்யம் என்றால் சந்தேகமே வேண்டாம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011இல் ஓட்டிய எச்ஆர்டி அணி, புதிய காரை டெஸ்டிங்கில் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் மெல்போர்னுக்குப் போனது. டேம்பர்கள் (அதிர்வு தாங்கிகள்) சுங்கத்தில் சிக்கிக்கொண்டதாம். தகுதிச்சுற்றின் முதல் பகுதியில் வேகமான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் இரண்டு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. அடுத்த வருடமும் அதே அணி, அதே மெல்போர்ன், அதே முடிவு.

நான்காவதாக ஒன்றை விட்டுவிட்டேன்: ஓட்டுநர்கள் வாயால் சொல்வது. 2019க்குப் பிறகு மெர்சிடஸ் புலம்பினால் யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 2022இல் பஹ்ரைனுக்கு, பக்கவாட்டுப் பெட்டிகளே இல்லாததுபோல ஒல்லியான காரோடு வந்தார்கள். சுற்றுக் கணக்கிலும் முன்வரிசை. ஆனால் நேர்ச்சாலையில் கார் குதித்துக்கொண்டே போனது. இப்போதைக்கு வெற்றிக்குப் போட்டியிடும் நிலையில் இல்லை என்று ஹாமில்டன் சொன்னபோது, மறுபடி ஒளித்து விளையாடுகிறார்கள் என்றது பாதி உலகம். தகுதிச்சுற்றில் அவர் லெக்ளேரைவிட 0.68 விநாடி பின்னால், ஐந்தாவது. அந்த வருடம் மெர்சிடஸ் வென்ற ஒரே பந்தயம் நவம்பரில் பிரேசிலில், அதுவும் ரஸல் கையால்.