எண்டோடாக்சின் சோதனை: முயலா, குதிரைலாட நண்டா?

குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருப்பதால் நீலகிரிக்குத் தடுப்பூசித் தொழில் புதிதல்ல. ஊசிமருந்தில் எண்டோடாக்சின் (சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து வரும், காய்ச்சல் உண்டாக்கும் நச்சு) இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி முயல். அதற்கும் நம்மைப் போல, எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி உண்டு. எண்டோடாக்சினின் நச்சுப் பகுதியான லிப்பிட் ஏ-யின் ஆறு கொழுப்பு வால்களில் ஐந்து, டிஎல்ஆர்4-உடன் ஒட்டிய எம்டி-2 புரதத்தின் குழிக்குள் புகும். வெளியே நிற்கும் ஆறாவது, பக்கத்து டிஎல்ஆர்4-ஐ இழுத்து ஜோடி சேர்க்கும். காய்ச்சல் அங்கே தொடங்குகிறது. மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்: மூன்று முயல், மூன்று மணி நேரம், எதற்கும் உடல் சூடு 0.5 டிகிரி ஏறக்கூடாது. எண்டோடாக்சின் இல்லாத கிராம்-பாசிட்டிவ் வகைக் கிருமிகளின் காய்ச்சல் பொருளும் இதில் சிக்கும், ஆனால் எண்டோடாக்சின் அளவு தெரியாது.

குதிரைலாட நண்டின் ரத்தச் செல் சாற்றில் காரணி சி என்ற புரதம் லிப்பிட் ஏ-யைத் தொட்டதும் உறைதல் தொடங்கும். மாதிரி 0.1 மில்லி, சாறு 0.1 மில்லி, 37 டிகிரி, 60 நிமிடம். குழாயைத் தலைகீழாக்கும்போது ஜெல் நழுவாமல் நின்றால் எண்டோடாக்சின் இருக்கிறது என்று பொருள். மலைக்குளிரில் வெந்நீர்த் தொட்டியை அடிக்கடி திறக்காதீர்கள், சூடு இறங்கும். குழாய் அசைந்தால் ஜெல் உடையும், மறுபடி சேராது. செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து வரும் பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, சாற்றின் இன்னொரு புரதமான காரணி ஜி வழியே பொய்யாக உறைய வைக்கும்.

அன்றாட வேலைக்கு நண்டுச் சாறுதான் சரி. சோதனைக்கு முன் கண்ணாடிக் குழாயில் ஒட்டியிருக்கும் எண்டோடாக்சினை அழிக்க ஆட்டோகிளேவின் நீராவிச் சூடு போதாது. 250 டிகிரி உலர்சூடு, 30 நிமிடம்.