முட்டை தாலியாத்தெல்லே: இறைச்சி ராகுவுக்கு ஏற்ற பாஸ்தா

கொத்துக்கறியை நெடுநேரம் சுண்டவைத்துச் செய்யும் குழம்பான இறைச்சி ராகுவை ஸ்பகெட்டியோடு பரிமாறுவதே பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ராகு பிறந்த இத்தாலிய நகரமான பொலோன்யாவில், முட்டை சேர்த்துப் பிசைந்த பட்டையான தாலியாத்தெல்லேதான் அதற்கு இணை. வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் அந்நகர வணிகச் சபையில் பதிவே செய்திருக்கிறார்கள்.

கூடுபோலச் சுருட்டி உலர்த்திய 250 கிராம் பொட்டலம் ஒன்றை வாங்கிச் சமைத்துப் பார்த்தேன். வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வதக்கி, மாட்டிறைச்சிக் கொத்துக்கறியைச் சேர்த்து, ஈரம் முழுவதும் வற்றி அடியில் சடசடவென்று ஓசை எழும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒயினும் தக்காளியும் சிறிது பாலும் ஊற்றி மூன்று மணி நேரம் சிறுதீயில் சுண்டவைத்தேன். இந்தப் பொறுமைக்கு உரிய பலனைத் தாலியாத்தெல்லே தந்தது: அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் ராகு அப்படியே பற்றிக்கொண்டது, தட்டின் அடியில் தனியாக எண்ணெயோ கறித்துணுக்கோ தேங்கவில்லை.

குறையும் உண்டு. கொதிநீரில் போட்ட முதல் நிமிடத்திலேயே முள்கரண்டியால் பிரித்துவிடாவிட்டால் கூட்டின் நடுப்பகுதி ஒட்டிக்கொண்டு வேகாமல் நின்றுவிடுகிறது. பொட்டலத்தில் ஆறு நிமிடம் என்றிருந்தாலும், நான்கரை நிமிடத்தில் எடுத்து, வேகவைத்த நீரில் ஒரு கரண்டி சேர்த்து ராகுவிலேயே பிரட்டுவதுதான் சரியான பதம். விலை சற்றுக் கூடுதல்தான். இருந்தும் மீண்டும் வாங்குவேன்.