ஐசுசு என்பிஎஸ் சேஸிஸ்ல எக்ஸ்பெடிஷன் டிரக்: வண்டிக்கும் அத கட்டித்தந்த பட்டறைக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ

தெற்கு ஆஸ்திரேலியால இருக்கிற ஊட்னடாட்டா டிராக்குன்ற மண் ரோட்ட மாரீல இருந்து மார்லா வரைக்கும் முழுசா ஓட்டியாச்சு, சிம்சன் பாலைவனத்த ஃப்ரெஞ்ச் லைன்ன்ற மணல் தடம் வழியா தாண்டி பேர்ட்ஸ்வில்லும் வந்தாச்சு, அதனால இனிமே இந்த எக்ஸ்பெடிஷன் டிரக்க, அதாவது லாரி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல குடியிருக்கிற பெட்டி கட்டின வண்டியப் பத்தி தைரியமா எழுதலாம். ஆஸ்திரேலியால இருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் எவ்ளோ ஆகும், எங்க கட்டலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இது. கட்டினது குயின்ஸ்லாந்துல ஒரு பட்டறை. குறையும் சொல்லப்போறதால பேர் போடல.

மொதல்ல வண்டி. ஐசுசு என்பிஎஸ் ஃபோர் பை ஃபோர், சிங்கிள் கேபின். 5.2 லிட்டர் டீசல் இன்ஜின், 114 கிலோவாட் பவர், 419 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). இப்போ வர்ற யூட் (பிக்கப்) வண்டியே 500 நியூட்டன் மீட்டர் குடுக்குதேன்னு கேப்பீங்க, குடுக்கும், ஆனா இது 1600 ஆர்பிஎம்லயே முழு டார்க்கும் குடுத்துட்டு நாள் பூரா திணறாம இழுக்கும், ஏழு டன்ன இழுக்கறதுக்குன்னே செஞ்ச இன்ஜின். ஃபூசோ கேன்டர், ஐவெகோ டெய்லி ரெண்டையும் பாத்தோம். ஐவெகோல மூணு டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கி சுத்தினாலும் மத்ததுக்கும் பவர் போக வெக்கிற பூட்டு) கம்பெனிலயே வருது, அது நெஜமாவே பெரிய விஷயம். மெர்சிடிஸ் யூனிமாக் டிரக்ல போர்ட்டல் ஆக்ஸில் (சக்கரத்தோட மையத்த விட ஒசரமா இருக்கிற ஆக்ஸில்) இருக்கறதால அடில இடைவெளி தாராளம், ஆனா பார்ட்ஸ் விலைய கேட்டதும் அந்த ஆசைய விட்டுட்டோம். என்பிஎஸ் இங்க சுரங்கத்துலயும் தீயணைப்புலயும் ஓடுற வண்டி, ஊரு இல்லாத உள்பகுதில வண்டி நின்னு போனாலும் இந்த இன்ஜினத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைப்பார்ன்ற நம்பிக்கை எனக்கு எல்லாத்தையும் விட பெருசா பட்டுச்சு.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமா: 4.5 டன் ஜிவிஎம் (லோடோட சேர்த்து அனுமதிச்ச மொத்த எடை) வரைக்கும் கார் லைசென்ஸ் போதும், அதுக்கு மேல 8 டன் வரைக்கும் எல்ஆர் (லைட் ரிஜிட், அதாவது சின்ன லாரி) லைசென்ஸ் வேணும். எங்க வண்டி 7.5 டன், நானும் வீட்டம்மாவும் ரெண்டு பேரும் எல்ஆர் எடுத்துட்டோம். 4.5 டன்னுக்கு கொறச்சு ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, வேணாங்க. வெறும் சேஸிஸே கிட்டத்தட்ட மூணு டன், அதுக்கு மேல பெட்டி, தண்ணி, டீசல், பேட்டரி, ஆளு, அரிசி பருப்புன்னு எல்லாத்தையும் மிச்சம் இருக்கிற ஒன்றரை டன்னுக்குள்ள அடக்கறது நடக்காத காரியம்.

கம்பெனில இருந்து வர்றப்போ பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெட்ட டயர். ரோட்டுக்கு சரி, மணலுக்கு ஆகாது, ஏன்னா முன் டயர் போட்ட தடத்துலயே பின் டயரும் போனாத்தான் வண்டி லேசா போகும், ரெட்ட டயர் தனியா ஒரு தடம் வெட்டிக்கிட்டு இன்ஜின் பவர தின்னும், நடுவுல கல்லு வேற சிக்கிக்கும். அதனால ரெட்டைக்கு பதிலா அகலமான ஒத்த டயர், சூப்பர் சிங்கிள்னு சொல்வாங்க, அதப் போட்டாச்சு, 37 இன்ச், நாலு பக்கமும் ஒரே சைஸ். ஸ்பிரிங் பட்டையவும் மாத்திட்டோம், பாரபாலிக் பட்டை (நடுவுல தடிச்சு ஓரத்துல மெலிஞ்சது), நல்ல ஷாக், ஏர் சீட். இது மூணும் இல்லாம கரடுமுரடு ரோட்டுல என்பிஎஸ் ஓட்டினா இடுப்பு போயிடும், இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன். சேஸிஸுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற சட்டம், அதான் சப்ஃப்ரேம். டிரக் சேஸிஸ் முறுக்கிக் குடுக்கணும்னேதான் செஞ்சிருக்காங்க, ஒரு சக்கரம் பாறை மேல ஏறினா முன்பக்கம் ஒரு சாய்வு, பின்பக்கம் வேற சாய்வு. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு பாடி கட்டறவங்களுக்கு இது கைவந்த விஷயம், நடுவுல கட்டை குடுத்து யு போல்ட் போட்டு இறுக்குவாங்க, பாடியும் வண்டியோட கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும். ஆனா நாம குடியிருக்கிற பெட்டி ஃபைபர் கிளாஸும் ஃபோமும் சேர்த்து ஒட்டின சாண்ட்விச் பேனல், அசைஞ்சு குடுக்காது, விரிசல் விடும். கதவு மூடாது, மூலைல வெடிப்பு வரும், இல்லேன்னா சேஸிஸே வெடிக்கும். எங்க பட்டறைல இத அருமையா பண்ணியிருக்காங்க. சப்ஃப்ரேம பின்னாடி கெட்டியா பிடிச்சிட்டு, கேபினுக்கு பின்பக்கம் ரெண்டு சைடும் ஸ்பிரிங் வெச்ச போல்ட்டு குடுத்திருக்காங்க. சிம்சன்ல ஒரு மணல்மேட்டுக்கு முன்னாடி தண்ணி அரிச்ச பள்ளத்துல ஒரு முன் சக்கரம் மேல, ஒண்ணு கீழன்னு வண்டி நின்னப்போ எறங்கி படுத்து பாத்தேன், ஒரு பக்கம் சப்ஃப்ரேம் சேஸிஸ விட்டு எழும்பி நாலு விரல் உள்ள போற அளவுக்கு இடைவெளி, அந்த ஸ்பிரிங் நல்லா அமுங்கி இருந்துச்சு. அதே நெலமைல பெட்டிக் கதவ தெறந்து மூடிப் பாத்தேன், வீட்டு வாசல்ல நிக்கறப்போ எப்படி மூடுமோ அப்படியே மூடுச்சு. குடுத்த காசு அங்க நியாயமாச்சு. கேபின்ல இருந்து பெட்டிக்குள்ள போக வழி வெக்கிறவங்க நடுவுல மடிப்பு ரப்பர் போட்டே ஆகணும், நாங்க அந்த வழியே வேணாம்னுட்டோம்.

பெட்டி சுவர் 50 மில்லி கனம், உள்ள இரும்பு சட்டம் எதுவும் கெடையாது, அதனால குளிரோ வெயிலோ சட்டம் வழியா உள்ள கடத்துறது இல்ல. தூசிக்கு ஃபில்டர் வெச்ச ஒரு சின்ன ஃபேன் வெளிக்காத்த உள்ள தள்ளிட்டே இருக்கும், உள்ள அழுத்தம் கொஞ்சம் கூட இருந்தா புழுதி சந்து வழியா நுழைய முடியாது. நல்ல ஏற்பாடு, ஆனா கதவுக்கு அடில சீல் சரியா உக்காரல, ஊட்னடாட்டால படிக்கட்டு பூரா செவப்பு மண்ணு.

சமையல்கட்டு வீட்டம்மா டிசைன். கேஸ் கெடையாது, இண்டக்ஷன்தான். 2000 வாட் அடுப்ப 12 வோல்ட்ல ஓட்டினா 170 ஆம்பியர் பக்கம் இழுக்கும், தடிதடியா கேபிள் வேணும், 24 வோல்ட்ல அது பாதியாயிடும். வண்டியும் 24 வோல்ட்தான், அதனால வீட்டு பேட்டரியவும் 24 வோல்ட்லயே போட்டோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிய ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, ஜூலைல பாலைவனத்துல ராத்திரி அதுக்கும் கீழ போகும், அதனால பேட்டரி வெளிய தொங்காம பெட்டிக்குள்ள இருக்கு. "ஏங்க, இன்வெர்ட்டர் மேல கதகதன்னு இருக்கு, மாவ இங்கயே வெக்கிறேன்"னு சொல்லி வெச்சாங்க, அந்தக் குளிர்லயும் மாவு பொங்கி வந்துச்சு. மேல இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் நம்ம தாளிப்புக்கு பத்தல, மொளகா கிள்ளிப் போட்டா கதவ தெறந்து வெச்சாத்தான் உள்ள உக்கார முடியும். பட்டறைக்காரங்ககிட்ட மொதல்லயே பெரிய ஃபேன் கேளுங்க.

கோவம் வந்த விஷயம் வயரிங். பேனல் உள்ள ஒரு வயருக்கும் லேபிள் கெடையாது, ஃப்யூஸ் பாக்ஸ் கட்டிலுக்கு பின்னாடி. குண்டும் குழியுமான ரோட்டுல அதிர்ந்ததுல ஒரு எர்த் லக் (எர்த் வயர் முனை) லூசாகி தண்ணி பம்ப் நின்னுடுச்சு, எது எங்க போகுதுன்னு தெரியாம மத்தியானம் பூரா மெத்தைய தூக்கிப் போட்டுட்டு தேடினேன். இவ்ளோ நல்ல சப்ஃப்ரேம் செய்யத் தெரிஞ்சவங்க இத இப்படி விட்டது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. திரும்பி வந்து சொன்னதும் மறுபேச்சு பேசல, வயர் எல்லாத்துக்கும் நம்பர் போட்டு, டிராயிங் குடுத்து, ஃப்யூஸ் பாக்ஸ கதவு பக்கம் மாத்தி, கதவு சீலும் சேர்த்து காசு வாங்காம முடிச்சு குடுத்தாங்க. சொன்ன தேதிய விட மாசக்கணக்குல லேட் ஆனதுக்கு மட்டும் இன்னும் சரியான பதில் வரல.

மொத்தமா மூணு லட்சம் டாலர் கிட்ட வந்துடுச்சு. டீசல் நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் சுத்தி, மணல்ல இன்னும் கூட குடிக்கும். கட்டறதா இருந்தா பட்டறைக்கு போன ஒடனே சோபா துணி, லைட்டு கலர் எல்லாம் பாக்காதீங்க, அவங்க கட்டின பழைய வண்டி ஒண்ண அடில படுத்து பாருங்க, சப்ஃப்ரேம் போல்ட்டு எப்படி இருக்குன்னு பாருங்க, வயரிங் டிராயிங் குடுப்பீங்களான்னு கேட்டு எழுதி வாங்குங்க. டெலிவரி எடுக்கறப்போ தண்ணி, டீசல் முழுசா ரொப்பி எடைமேடைல ஏத்தி முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியா எடை எடுங்க, மாடிஃபிகேஷன் பிளேட் (வண்டில செஞ்ச மாற்றத்துக்கு அனுமதி உண்டுன்னு காட்டற தகடு) அடிச்சிருக்கான்னு பாத்துட்டு மிச்சப் பணத்த குடுங்க. சிம்சன் போறவங்க டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் பார்க் மூடியிருக்கும்ன்றத கணக்கு வெச்சு பட்டறைல தேதி பேசுங்க, லேட் ஆகும், ஒரு சீசன் போயிடும்.