குவிக்ஃபேக்ட்ஸ்: டெக்சஸின் ஆட்களை எண்ணும், வாக்கை எண்ணாது

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இலவசமாக நடத்தும் குவிக்ஃபேக்ட்ஸ் இணையச் சேவையில் ஒரு மாநிலம், கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அல்லது 5,000 பேராவது வாழும் ஊரின் பெயரைத் தட்டினால், அங்குள்ளோரின் வயது, இனம், கல்வி, வருமானம், வெளிநாட்டில் பிறந்தோர் விகிதம் ஆகிய எல்லாம் ஒரே அட்டவணையில் வந்துவிடுகின்றன. ஆறு இடங்கள் வரை அருகருகே வைத்து ஒப்பிடலாம். எளிமையில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் டெக்சஸ் எந்தக் கட்சியின் பக்கம் சாய்கிறது என்ற கேள்வியோடு இதைத் திறப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்கள், 39.3 விழுக்காடு; ஹிஸ்பானியரல்லாத வெள்ளையர் 39.7 விழுக்காடு. அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சியின் முன்னிலையும் 2012இல் ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் புள்ளி, 2016இல் 9, 2020இல் 5.6 என இறங்கிவந்ததால், ஹிஸ்பானியர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பார்கள் என்று நம்பி இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள் மாநிலம் அக்கட்சியின் கைக்கு மாறும் நாளையே குறிக்கத் தொடங்கினார்கள். 2024இல் அந்த முன்னிலை 13 புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது.

மெக்சிகோ எல்லையிலுள்ள ஸ்டார் கவுன்ட்டியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹிஸ்பானியர் 95 விழுக்காட்டுக்கும் மேல். பல ஆண்டுகளாக அந்த நிலை மாறவில்லை. அங்கே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர்களில் 2016இல் ஹிலாரி கிளின்டன் 79 விழுக்காடு பெற்றார், 2020இல் பைடன் 52 விழுக்காடுதான் பெற்றார், 2024இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் 57 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றேவிட்டார். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அங்கே வென்றது அதுவே முதல் முறை. ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியின் கதை வேறு: ஆசியர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெருகிய அந்தப் புறநகர்ப் பகுதி, 2012இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்கும் 2016இல் கிளின்டனுக்கும் வாக்களித்தது. அங்கேயும் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 2024இல் வெகுவாகச் சுருங்கிப்போனது.

ஆகவே வாக்குக் கணக்குக்கு இந்த அட்டவணை மட்டும் போதாது. 'ஆசியர்' என்ற ஒற்றை வரியில் வியட்நாமியரும் இந்தியரும் ஒன்றாகவே அடைக்கப்பட்டிருக்கிறார்கள். டெக்சஸில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை என்பதால், கவுன்ட்டிவாரியான தேர்தல் முடிவுகளை மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் தளத்தில் தனியே எடுத்துத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, குடியிருப்போரில் வாக்குரிமை உள்ளவர் எத்தனை பேர் என்று இது சொல்லாதது. குடிமக்களில் 18 வயது நிரம்பியோரின் கணக்கை அதே துறை தனியாக வெளியிடுகிறது, அதிலிருந்து ஒரு வரியை இங்கே சேர்க்கத்தான் மனம் வரவில்லை போலும்.